வீட்டை விற்கப் போகிறார்களாம்: வாடகைக்கு இருப்பவர் தெரிந்திருக்க வேண்டியவை

"புள்ள, வீட்ட விக்கப் போறம். மாசக் கடைசிக்குள்ள எடுத்துத் தந்தா நல்லம்."

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாடகைக்கு இருக்கும் யாருக்கும் இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம். சில நேரம் அது கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும். சில நேரம் வீட்டுக்காரரே புரோக்கரையும் வாங்க வந்தவரையும் கூட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்துவிடுவார். கேட்பவருக்கு உடனே எழும் கேள்விகள் இரண்டு. வீட்டை விற்றால் நான் போயே ஆகவேண்டுமா? அதுவரை கண்டவரையெல்லாம் வீட்டுக்குள் விட வேண்டுமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வீடு விற்கப்படுவதால் மட்டும் உங்கள் வாடகை உரிமை முடிந்துபோவதில்லை. இரண்டாவதற்கு: வாடகை கொடுத்து இருக்கும் காலம் வரை அந்த வீட்டின் அனுபவம் உங்களுடையது, வீட்டுக்காரர் நினைத்த நேரம் உள்ளே வர முடியாது. ஆனால் இரண்டு பதில்களுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே என்பதைப் பெரும்பாலும் உங்கள் கையிலிருக்கும் தாள்தான் தீர்மானிக்கிறது.

விற்பனை வாடகையை முறிக்காது

மட்டக்களப்பு வாவியோரம் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1638இல் பிடித்தார்கள். அவர்கள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர்களோடு வந்த ரோமன் டச்சுச் சட்டம் மட்டும் இன்றும் இலங்கையின் பொதுச் சட்டமாக இருக்கிறது. வாடகை, குத்தகை விடயங்களில் எழுதப்பட்ட சட்டம் எதுவும் சொல்லாத இடங்களில் நீதிமன்றம் பார்ப்பது அதைத்தான்.

அந்தச் சட்டத்தில் ஒரு பழைய விதி இருக்கிறது: வாடகை விற்பனைக்கு முந்தியது. அதாவது, வாடகைக்கு ஆள் இருக்கும் ஒரு வீட்டை ஒருவர் வாங்கினால் அந்த வாடகை உறவையும் சேர்த்தே வாங்குகிறார். பழைய சொந்தக்காரர் எந்த இடத்தில் நின்றாரோ அந்த இடத்துக்குப் புதியவர் வருகிறார். வாடகையை வாங்கும் உரிமை அவருக்குப் போகிறது, வாடகைக்கு இருப்பவரை அமைதியாக இருக்கவிட வேண்டிய கடமையும் அவருக்கே போகிறது. "நான் புதுசா வாங்கின ஆள், பழைய கதை எனக்குத் தெரியாது" என்று அவர் கைகழுவ முடியாது.

அதே நேரம், பழையவருக்கு இருந்த உரிமைகளும் புதியவருக்கு வந்துவிடுகின்றன. பழையவர் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து உங்கள் வாடகையை முடிக்கக்கூடியவராக இருந்தால் புதியவரும் அதைச் செய்யலாம். பழையவர் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் புதியவரும் இரண்டு வருடத்துக்குக் கட்டுப்பட்டவரே.

வீட்டை வாங்கும் முதல் உரிமை வாடகைக்கு இருப்பவருக்கு உண்டா என்றும் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் முன்கொள்வனவு உரிமை என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டவர்கள் அதை இங்கேயும் எதிர்பார்ப்பதுண்டு. அது வட மாகாணக் காணிகளுக்கு உரியது. அங்கேயும்கூட அது காணியில் பங்குள்ள கூட்டுச் சொந்தக்காரர் போன்றவர்களுக்குத்தான், வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை.

உங்கள் கையில் இருக்கும் தாள் எது?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்கிறது அது. கடையில் வாங்கிய படிவத்தில் "இரண்டு வருடத்துக்கு" என்று நிரப்பி, முத்திரை ஒட்டி, இருவரும் ஒப்பமிட்டு, பக்கத்து வீட்டு அண்ணனிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பார்கள். பார்வைக்குப் பெரிய ஆவணம்தான். ஆனால் நொத்தாரிசு இல்லாததால் அந்த இரண்டு வருடம் என்ற காலம் நீதிமன்றத்தில் நிற்காது. மாதா மாதம் வாடகை கொடுத்து இருந்தபடியால் உங்களை மாத வாடகைக்கு இருப்பவராகச் சட்டம் ஏற்கும், அவ்வளவுதான். அந்தத் தாள் வீண் என்று கிழித்துப்போட வேண்டாம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் திகதியில் வந்தீர்கள் என்பதற்கெல்லாம் அது சான்று.

இந்திய இணையத்தளங்களிலும் யூடியூப்பிலும் பார்த்துவிட்டுப் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதும் பழக்கமும் இங்கே வந்திருக்கிறது. இந்தியாவில் ஒரு வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் அங்கே அப்படி எழுதுகிறார்கள். இலங்கையில் எல்லை ஒரு மாதம். பதினொரு மாதம் என்று எழுதுவதால் இங்கே யாருக்கும் எந்த வசதியும் கிடைக்கப்போவதில்லை.

நொத்தாரிசு எழுதிய குத்தகை உங்களிடம் இருந்தால் நிலைமை வேறு. வீடு எத்தனை கை மாறினாலும் அதிலுள்ள காலம் முடியும்வரை இருக்கலாம். ஆனால் ஒரு வேலை பாக்கியிருக்கிறது, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியாத ஓர் ஆவணம் பின்னால் காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்துகொண்டவரின் உறுதிக்கு எதிராக வலுவிழந்துவிடலாம். நொத்தாரிசுக்குக் காசு கொடுத்தவர், பதிவையும் முடித்துத் தரும்படி கேட்டு, பதிவு இலக்கம் குறித்த பிரதியையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாம் வகுப்பு அனுமதிக்குப் பிள்ளையின் வதிவிடத்தைக் காட்டவே பல பெற்றோர் முதன்முதலாக நொத்தாரிசு குத்தகை கேட்கிறார்கள். பாடசாலைக்காக எடுத்த அதே ஆவணம், வீடு விலைபோகும் நாளில் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வீடு யாருடையது?

வாடகை வாங்குபவர்தான் சொந்தக்காரர் என்று நினைத்துவிடக்கூடாது. நம்முடைய பகுதியில் இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை, வாழ்க்கை முறையோடு சம்பந்தப்பட்டது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண் பிள்ளைக்கே போகும். அப்பா கட்டுவார், மகள் பேரில் உறுதி எழுதுவார், வாடகையை அவரே வந்து வாங்குவார். சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரி மகள். அவர் லண்டனில் இருந்தபடி வீட்டை விற்கச் சொன்னால், "நீங்க அஞ்சு வருசம் இருங்க தம்பி" என்று அப்பா வாயால் கொடுத்த வாக்கு பெரிதாக உதவாது.

மகளுக்கு உறுதி எழுதும்போது பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவதும் உண்டு. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கவும் வாடகைக்கு விடவும் அவர்களுக்கே உரிமை. ஆனால் அவர்கள் தனியாகக் கொடுத்த குத்தகை அவர்களது மரணத்தோடு ஆட்டம் காணும். அப்படியான வீட்டில் நீண்ட காலக் குத்தகை எடுப்பவர், மகளையும் சேர்த்து ஒப்பமிடச் செய்வது நல்லது.

வெளிநாட்டிலிருப்பவருக்காக ஒரு மச்சானோ சித்தப்பாவோ அற்றோணித் தத்துவப் பத்திரத்தோடு வருவார். அதை வாசித்துப் பாருங்கள். வாடகை அறவிட மட்டும் அதிகாரமா, குத்தகை எழுதவும் விற்கவும் அதிகாரமா என்பது அதிலேயே இருக்கும். தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பத்திரமும் செல்லாமல் போய்விடும்.

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு விடயம் இருக்கிறது. கல்லோயாத் திட்டம் உட்பட அரச காணிகளில் எழுந்த வீடுகள் அங்கே ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேமிற் (அனுமதிப்பத்திர) காணியையோ அளிப்புப் பத்திரக் காணியையோ வைத்திருப்பவர், தன் விருப்பப்படி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. பிரதேச செயலகத்தின் முன் அனுமதி போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. அப்படியான வீட்டில் ஒருவர் உங்களோடு எழுதும் ஒப்பந்தமும் பலவீனமானதாக இருக்கலாம், வேறொருவருக்கு அவர் எழுதும் விற்பனையும் பலவீனமானதாக இருக்கலாம். "உறுதிக் காணியா, பேமிற் காணியா?" என்ற கேள்வியை வாங்க வருபவர் மட்டும் கேட்டால் போதாது.

வங்கியில் அடகு வைத்த வீடு என்றால், உங்கள் குத்தகைக்கு முன்பே அந்த அடகு பதிவாகியிருக்கிறதா என்று காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து பார்க்கலாம். முந்திய அடகுக்காக வங்கி வீட்டை ஏலம் போட்டால் பிந்திய குத்தகைக்கு உத்தரவாதம் இல்லை.

விற்றுவிட்டார்கள். இனி யாருக்கு வாடகை?

ஒருநாள் புதிதாக ஒருவர் வந்து, "இனி வாடகைய எனக்குத் தாங்க" என்பார். உடனே கொடுத்துவிடவும் வேண்டாம், விரட்டிவிடவும் வேண்டாம். பழைய சொந்தக்காரரிடமிருந்து ஒரு கடிதம் கேளுங்கள்: வீட்டை இன்ன திகதியில் இன்னாருக்கு விற்றுவிட்டேன், இனி வாடகையை அவருக்குக் கொடுக்கவும் என்று இரண்டு வரி போதும். புதியவரிடம் உறுதியின் பிரதியைக் கேட்பதும் நியாயமே. விற்பனை பற்றி உங்களுக்கு அறிவிக்கப்படாத காலத்தில் பழையவருக்கு நல்ல நம்பிக்கையில் கொடுத்த வாடகையைப் புதியவர் மறுபடி கேட்க முடியாது.

உறுதியும் கடிதமும் சரியாக இருந்தால் புதியவரை ஏற்றுக்கொள்ளுங்கள். சிலர், "நான் காசு கொடுத்தது அந்த மனிசனுக்கு, உங்கள எனக்குத் தெரியாது" என்று வீம்புக்கு நிற்பார்கள். இது ஆபத்தான வேலை. புதிய சொந்தக்காரரை ஏற்க மறுத்தால், வாடகைக்கு இருப்பவர் என்ற பாதுகாப்பை நீங்களே தூக்கி எறிந்ததாக ஆகும். உரிமையில்லாமல் வீட்டில் இருப்பவர் என்று உங்கள் மீது வழக்குப் போட அவருக்கு அது வழிதிறந்துவிடும்.

பெரிய சண்டை வருவது அட்வான்ஸில். பழையவர், "அத புது ஆளிட்டக் கேளுங்க" என்பார். புதியவர், "என்ர கைக்கு ஒரு சதமும் வரல்ல" என்பார். இதற்கு நீதிமன்றம் போய்க்கொண்டிருப்பதை விட விற்பனைக்கு முன்பே மூன்று பேரும் ஒப்பமிட்ட ஒரு துண்டு எழுதிவைப்பது எவ்வளவோ மேல். இன்ன தொகை அட்வான்ஸ் புதியவரிடம் ஒப்படைக்கப்பட்டது, வீடு திரும்பும் நாளில் அவரே திருப்பித் தருவார் என்று அதில் இருக்கட்டும். அல்லது பழையவர் உங்களுக்குத் திருப்பித் தந்துவிட, நீங்கள் புதியவருக்குப் புதிதாகக் கொடுக்கலாம். விற்கிறவருக்கு உங்கள் ஒத்துழைப்பு தேவைப்படும் நேரம் அதுதான், ஆகவே அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் யாரும் வாடகையை வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கிலோ மணி ஓடரிலோ அனுப்பி ரசீதை வைத்திருங்கள். வாடகை பாக்கி என்பது உங்களுக்கு எதிராக எழும் மிகச் சுலபமான வழக்கு.

"மாசக் கடைசிக்குள்ள" என்பது எவ்வளவு காலம்?

நொத்தாரிசு குத்தகை இல்லாத, மாத வாடகைக்கு இருப்பவருக்குப் பொதுச் சட்டப்படி ஒரு முழு நாட்காட்டி மாத அறிவித்தல் வேண்டும், அது மாத இறுதியில் முடிய வேண்டும். முதலாம் திகதி தொடங்கும் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 10ஆம் திகதி அறிவித்தல் கிடைத்தால் வாடகை முடிவது ஜூலை 31. ஜூன் 10இல் சொல்லி ஜூன் 30இல் போகச் சொல்வது சரியான அறிவித்தல் ஆகாது. வட்ஸப்பில் வந்த செய்தியைச் சாதாரணமாகவும் எடுத்துவிட வேண்டாம், அதைப் பார்த்தவுடன் பெட்டியும் கட்ட வேண்டாம். வழக்கமாகச் சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் எழுத்தில் வரும். தபாற்காரரிடமிருந்து அதை வாங்காமல் ஒளிவதால் பிரயோசனம் இல்லை.

அறிவித்தல் காலம் முடிந்தும் நீங்கள் போகவில்லை என்றால்? வீட்டுக்காரர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்து, தீர்ப்பு வாங்கி, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் உத்தியோகத்தர் மூலமே வீட்டைத் திரும்ப எடுக்க முடியும். அவராக வந்து சாமான்களை வெளியே போட முடியாது. ஆனால் வழக்கு இழுபடும் என்ற துணிவில் குந்திக்கொண்டிருப்பவர், சும்மா இருந்த காலத்துக்கு நட்டஈடு கட்ட வேண்டிவரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். "வாடகைக்கு விட்டா எழுப்பேலாது" என்ற பயம் வந்தது அதிலிருந்துதான். அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட வீடென்றால் மூன்று மாத வாடகை பாக்கி, சொந்தக்காரரின் குடும்பத்துக்கு நியாயமான தேவை போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இல்லாமல் எழுப்ப முடியாது. ஆள் இருக்கும் வீட்டை வாங்கியவர் "எனக்கே தேவை" என்று கேட்பதற்கும் அதில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் 1980இல் வந்த திருத்தம், அந்த ஆண்டுக்குப் பின் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே வைத்துவிட்டது. யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பின் இங்கே எழுந்த வீடுகள் எத்தனை என்று நினைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். நகரத்துக்குள் பழைய வீடொன்றில் தலைமுறையாக இருப்பவர்கள் மட்டும் இதைச் சட்டத்தரணியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.

நொத்தாரிசு குத்தகையில் இருப்பவர்கள் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்பதற்கு அது ஒரு சுருக்கமான நடைமுறையைத் தருகிறது. நொத்தாரிசு ஆவணம் காலம் முடியும்வரை உங்களுக்குப் பலம், முடிந்த மறுநாள் வீட்டுக்காரருக்குப் பலம். நேர்மையான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

வாசலுக்கு இந்தப் பக்கம்

வீட்டைச் சுதந்திரமாக, தொந்தரவில்லாமல் அனுபவிக்க விடுவது வீட்டுக்காரரின் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. "என்ர வீடு, நான் எப்பவும் வருவன்" என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. தண்டனைச் சட்டக்கோவையில் அத்துமீறல் குற்றத்தைச் சொல்லும் பிரிவுகூட, சொத்து யாருடையது என்று பார்ப்பதில்லை. இன்னொருவர் குடியிருக்கும் இடத்துக்குள் அவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ நுழைவதைத்தான் அது குற்றமாகச் சொல்கிறது. சொந்தக்காரரே அப்படி நுழைந்தாலும் அது பொருந்தலாம்.

ஆனாலும் வீட்டுக்காரர் வரவே கூடாது என்று அர்த்தமில்லை. வீட்டின் நிலையைப் பார்க்க, திருத்த வேலை செய்ய, நியாயமான நேரத்தில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரலாம். கூரை ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று நாமே கூப்பிடுகிறோம். வந்தால் கதவைத் திறக்கத்தானே வேண்டும்? மாரி வெள்ளம் ஏறி வயரில் தண்ணீர் பட்டது, பைப் வெடித்தது என்பது போன்ற அவசரங்களில் முன்னறிவித்தல் பேசிக்கொண்டிருக்க முடியாது.

எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும்? இணையத்தில் தேடினால் 24 மணித்தியாலம் என்று வரும். அது இங்கிலாந்திலும் வேறு சில இடங்களிலும் உள்ள சட்டம். இலங்கையில் சட்டம் அப்படி ஓர் எண் குறிக்கவில்லை, "நியாயமான" என்பதே அளவு. அதனால்தான் ஒப்பந்தம் எழுதும்போது நீங்களே எண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் முன்பு தொலைபேசியில் சொல்ல வேண்டும், காலை 9 முதல் மாலை 6 வரை மட்டும், வீட்டில் பெரியவர் யாராவது இருக்கும்போது மட்டும் என்று எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை.

நம்மூரில் பிணக்குகள் பெரும்பாலும் வேறு இரண்டு காரணங்களால் வருகின்றன. ஒன்று தேங்காய். வளவில் நிற்கும் தென்னைகளில் காய் பறிக்க வீட்டுக்காரர் ஆளோடு வந்து நிற்பார், சொல்லாமல் கொள்ளாமல். வீட்டை மட்டும் தந்தாரா, வளவையும் சேர்த்துத் தந்தாரா, காய் யாருக்கு, பறிக்க எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவார் என்பதை முதலிலேயே பேசி எழுதாவிட்டால் தேங்காய்ச் சண்டை வீட்டுச் சண்டையாகிவிடும். மற்றது பூட்டிய அறை. வெளிநாட்டில் இருப்பவர் ஒரு அறையில் தன் சாமான்களைப் பூட்டி வைத்துவிட்டு மற்றதை வாடகைக்குத் தருவார். பிறகு "அலுமாரிய எடுக்கணும்" என்று உறவினர் ஒருவர் திறப்போடு வருவார். அந்த அறை அவருடையதாக இருக்கலாம், அதற்குப் போகும் வழி உங்கள் விறாந்தை. ஆகவே அதற்கும் முன்னறிவித்தல் தேவை. மேலதிகத் திறப்பு வீட்டுக்காரரிடம் இருப்பது அவசரத்துக்கு. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் புரோக்கருக்குக் கொடுப்பதற்கு இல்லை.

வாங்க வருபவர்களுக்கு வீட்டைக் காட்டும் விடயத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வாசகம் இருந்தால் அதன்படி நடக்க வேண்டும். இல்லாவிட்டால், உங்களோடு பேசி, உங்களுக்கு வசதியான நேரத்தில்தான் காட்ட முடியும். முழுக்க மறுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நாளைக்கு உங்கள் வீட்டுக்காரராக வரப்போகிறவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கிழமையில் இரண்டு நாள், பின்னேரம் 4 முதல் 6 வரை, வீட்டுக்காரரோ அவர் சொன்ன ஆளோ கூடவே வர வேண்டும் என்று ஒரு நேர அட்டவணை கொடுத்தால் இரு பக்கத்துக்கும் சுகம். புரோக்கர் எடுக்கும் போட்டோக்களில் கவனம் வேண்டும். உங்கள் பிள்ளைகளின் படம், அலுமாரி, ரீவி, கட்டில் எல்லாம் பேஸ்புக் விளம்பரத்தில் போக வேண்டிய அவசியமில்லை. வெறும் சுவரையும் அறையையும் எடுக்கச் சொல்லலாம், பெண்கள் தனியாக இருக்கும் வீடென்றால் படமே வேண்டாம் என்றும் சொல்லலாம்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களின் நிலை கொஞ்சம் வேறு. சாப்பாட்டோடு போர்டிங் இருப்பவருக்கு, தனி வீடு எடுத்தவருக்குள்ள அத்தனை பாதுகாப்பும் இராது.

பூட்டை மாற்றினால், கரண்டை வெட்டினால்

வீட்டை வெறுமையாகத் தருவேன் என்று வாங்குபவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பிறகு நெருக்கடியில் தவறான வழிக்குப் போகிற வீட்டுக்காரர்களும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பினால் கேற்றில் புதுப் பூட்டு இருக்கும். மீற்றர் அவர் பேரில் என்பதால் கரண்டையோ தண்ணீரையோ வெட்டச் சொல்லியிருப்பார்.

முதலில் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். "இது சிவில் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பரவாயில்லை, பதிவு செய்து முறைப்பாட்டு இலக்கத்தைத் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அந்தத் திகதிதான் அடித்தளம்.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவைத் தெரிந்து வைத்திருங்கள். காணி, வீடு சம்பந்தமான பிணக்கால் அமைதி குலையும் நிலை வந்தால், பொலிஸ் அதை நீதிமன்றத்துக்கு அறிக்கையிடலாம். பாதிக்கப்பட்டவரும் சத்தியக்கடதாசியோடு நேரடியாகப் போகலாம். அங்கே உறுதி யாரிடம் என்ற விசாரணை நடப்பதில்லை. யார் இருந்தார், யார் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார் என்பதே கேள்வி. முறைப்பாடு தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் வெளியேற்றப்பட்டவரை மறுபடி உள்ளே விடும்படி நீதிமன்றம் கட்டளையிட முடியும். "பெரியவங்களோட பேசிப் பாப்பம்" என்று மூன்று மாதத்தைக் கடத்திவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அப்புறம் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடும் வழி மட்டும் மிஞ்சும். அது மெதுவானது, செலவும் கூட.

வாடகை ரசீதுகள், கரண்ட் பில் கட்டிய துண்டுகள், உங்கள் பேருக்கு அந்த விலாசத்தில் வந்த கடிதங்கள், கிராம உத்தியோகத்தரின் வதிவுச் சான்றிதழ் எல்லாம் இந்த வழக்கில் பேசும். கையில் காசு கொடுத்து ரசீது வாங்காதவர் இனியாவது வங்கியில் போடத் தொடங்கட்டும்.

வீட்டுக்காரரின் பயம்

பல வீட்டுக்காரர்கள் எழுத்தில் எதையும் தரமாட்டார்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பேர் ஏறுவதைக்கூட விரும்பமாட்டார்கள். பத்து வருடம் இருந்தால் வீட்டை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். வாடகைக்கு வந்தவருக்கு அப்படி ஆட்சியுரிமை வராது. சொந்தக்காரரின் அனுமதியோடு இருப்பவர் அவருக்கு எதிராக இருப்பவராக ஆகமாட்டார். வாடகைக்கு இருக்கும்போதே "இது உன் வீடு இல்லை" என்று வாதாடவும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இடம்கொடுப்பதில்லை. சொல்லப்போனால், வாடகை என்று எழுதிய ஒரு துண்டு வீட்டுக்காரரைத்தான் இந்த விடயத்தில் அதிகம் காப்பாற்றுகிறது. ஒப்பந்தம் கேட்கத் தயங்குபவர்கள் இதைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

பேசும்போது

விற்க நினைப்பவருக்கு ஆளில்லாத வீடு வேண்டும், ஆள் இருந்தால் விலை குறையும். அவசரம் அவருடையது. ஆகவே உங்களுக்கு வேண்டியதைக் கேட்கலாம்: பிள்ளையின் பரீட்சை முடியும்வரை தவணை, லொறிக் கூலி, கடைசி மாத வாடகை இல்லாமல் இருப்பது. அட்வான்ஸ் கைக்கு வந்த பின்பே திறப்பைக் கொடுப்பது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேச்சு முடிந்ததும் ஒரு கடிதம் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, வீட்டை விற்க இருப்பதாக இம்மாதம் 5ஆம் திகதி தெரிவித்தீர்கள். நாம் பேசிக்கொண்டபடி வரும் டிசம்பர் 31ஆம் திகதி வீட்டை ஒப்படைப்பேன். அதுவரை வாடகை வழமைபோல் செலுத்தப்படும். வீட்டைப் பார்க்க வருபவர்களைப் புதன், ஞாயிறு பின்னேரங்களில் முதல் நாள் அறிவித்துவிட்டு அழைத்து வரலாம். ஒப்படைக்கும் நாளில் முற்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்."

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்காகச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அது 1978இல் சட்டத்தால் உருவாக்கப்பட்டது, மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும் வழக்கு உதவியும் இலவசம். அட்வான்ஸ் போன்ற சின்னக் காசுப் பிணக்குகளை மத்தியஸ்த சபையிலும் வைக்கலாம். எங்கே போனாலும் ஒப்பந்தம், ரசீதுகள், வந்த அறிவித்தல், அது வந்த தபால் உறை, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுபோங்கள். மூலப் பிரதிகள் வீட்டில் இருக்கட்டும்.